விடிஞ்ச தண்ணி

தண்ணீரில் இரண்டே வகைதான் உண்டு என்பார் கிராணியார். ஒன்று விடிஞ்ச தண்ணி, மற்றது விடியாத தண்ணி. நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று கோட்டையூரில் சின்னப் பிள்ளைகூடப் பிரித்துச் சொல்லும். அந்தப் பிரிவினை அவரிடம் செல்லாது. பிடித்து, வடிகட்டி, ஓர் இரவு முழுக்க அசையாமல் கிடந்து, மறுநாள் வெளிச்சத்தைப் பார்த்த தண்ணீர்தான் அவருக்குத் தண்ணீர். பிடித்ததை அன்றைக்கே புழங்கும் எங்களை, எச்சில் கையோடு அடுக்களைக்குள் நுழைந்தவர்களைப் பார்ப்பது மாதிரிப் பார்ப்பார்.

அந்த வார்த்தை தண்ணீரோடு நிற்கவில்லை. மணியார்டர் வரவில்லையா, காய்ச்சல் விடவில்லையா, மழை இருட்டிக்கொண்டு வருகிறதா, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். "விடியட்டும், பாப்போம்." என் வீட்டுக்காரர் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவார், நான் சிரிப்பேன். இப்போது அந்த வார்த்தையை யார் சாதாரணமாகச் சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அறுபதுகளின் நடுவில் கல்யாணமாகிக் கோட்டையூருக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். தெருவையே அடைத்துக்கொண்டு நின்ற ஒரு பெரிய வீட்டின் பக்கவாட்டில் இரண்டு அறை எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் மதராஸில் இருந்தார்கள். முற்றம் வைத்த இரண்டாம் கட்டில் தங்கி வீட்டைப் பார்த்துக்கொண்டவர் இவர். மலேயாவில் ரப்பர் தோட்டத்து ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். அந்த வேலைக்கு அங்கே கிராணி என்று பேராம். தெருவும் அவரைக் கிராணியார் என்றே கூப்பிட்டது. கப்பல் ஏறி வரும்போது ஒரு தகரப் பெட்டியும், ஈரச் சாக்கில் சுற்றிய செடிகளும்தான் அவர் கொண்டுவந்தது. அவர் மனைவி அந்த மண்ணிலேயே போய்விட்டார்.

வீட்டுக்குள் செடி வளர்ப்பவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெரணியில் நாலைந்து தினுசு. சிவப்பு வார்னிஷ் அடித்த மாதிரிப் பளபளக்கும் ஆந்தூரியம். உள்முற்றத்துத் தூண் ஒவ்வொன்றிலும் தேங்காய் மட்டையில் வைத்துக் கட்டிய ஆர்க்கிட். காலையில் அரைக்கால் சட்டையோடு, பஞ்சை நனைத்து இலை இலையாகத் துடைத்துக்கொண்டே மலாய் பாஷையில் ஏதோ முணுமுணுப்பார். "கிராணியார் செடிக்கு வெளிநாட்டு பாஷைதான் புரியும்போல" என்று தெருவில் கிண்டல் செய்வார்கள். வெள்ளைப் பூ பூக்கும் ஓர் ஆர்க்கிட்டை மட்டும் 'அவ' என்பார். அவளுக்கு இன்னும் குடுக்கல, அவ ராத்திரி வாடிட்டா என்று. அது யார் என்று நான் கேட்டதில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை.

அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் சேர்ப்பதே அவருடைய உத்தியோகம். முதல் மழையைத் தொடமாட்டார், அது கூரை ஓட்டைக் கழுவுகிற மழை. இரண்டாம் மழையிலிருந்து முற்றத்துத் தகரத் தூம்பின் கீழ் அண்டாவை வைத்துப் பிடிப்பார். வேட்டியை நான்காக மடித்து வடிகட்டி, குடத்தின் உட்புறம் தேத்தாங்கொட்டையைத் தேய்த்து ஊற்றி வைப்பார். அழுக்கெல்லாம் அடியில் இறங்கியதும், மேல்தண்ணீரை மட்டும் அகப்பையால் மொண்டு பீங்கான் ஜாடிகளில் நிரப்புவார். இடுப்பு உயரத்துக்குப் பதினேழு ஜாடிகள், எல்லாம் ஒரே பழுப்பு நிறம். விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினால், எந்த ஜாடியில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

அதில் ஒரு வாய் அவர் குடித்ததில்லை. எங்களை மாதிரி ஊருணித் தண்ணீரைத்தான் குடிப்பார். "இது மனுசருக்கு இல்லத்தா. நமக்கு உப்புக் கரிச்சாத் துப்பிருவோம். செடி துப்புமா?" என்பார்.

ஊருணியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஊருக்கே அதுதான் குடிதண்ணீர்க் குளம். தெருக்களைக் கட்டினவர்கள், எந்த வாசலில் மழை விழுந்தாலும் அது ஓடி ஊருணிக்கே போய்ச் சேரும்படி வாட்டம் வைத்துக் கட்டியிருந்தார்கள். வீட்டுக் கிணறுகளோ எல்லாம் உப்பு. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. விறகைத் தின்றுகொண்டு கல்லாகக் கிடக்கும்.

நான் திருடியது இந்தப் பருப்புக்காகத்தான்.

கல்யாணமான அடுத்த ஈஸ்டருக்கு மாமியாரும் மாமனாரும் முதன்முதலாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். பூசை முடிந்து வந்து உலை வைக்கப் போனால் குடத்தில் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் இல்லை. ஊருணிக்குப் போய்வர நேரமும் இல்லை. கிராணியார் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். கதவு சும்மா சாத்தியிருந்தது. ஒரு ஜாடியிலிருந்து ஒரு குடம் மொண்டேன். முட்டியால் தட்டினால் கண்டுபிடித்துவிடுவாரே என்று, கிணற்றில் ஒரு குடம் இறைத்து அதே ஜாடியில் ஊற்றி மட்டம் சரிசெய்தேன். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கே நினைப்பு. பருப்பு வெண்ணெயாக வெந்தது. மாமியார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நல்ல பெண்ணாக ஒரு கிண்ணம் சாம்பார் கிராணியாருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பத்து நாளில் பெரணிகளின் நுனி கருகியது. பிறகு ஓர் ஆந்தூரியம் போயிற்று, அதற்குப் பின்னால் ஒரு சின்ன ஆர்க்கிட். அவர் ஜாடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து நாக்கில் தொட்டுப் பார்த்தார். ஒரு ஜாடியின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, பெண்கள் ஊருணிக்குக் குடத்தோடு போகும் நேரத்தில் வாசலுக்கு வந்து நின்றார். கையில் ஒரு தகர டப்பா இருந்தது. சத்தத்தை உயர்த்தாமல் பேசினார்.

"பதினேழு சாடியில ஒரு சாடில மருந்து கலந்திருக்கேன். தோட்டத்துல புல்லு சாகுறதுக்கு அடிக்கிற மருந்து. தப்பித் தவறிக் குடிச்ச மாடு அரை மணியில விழும். நெறம் இல்ல, வாசம் இல்ல, ருசி இல்ல. எந்தச் சாடின்னு எனக்குத் தெரியும். வேற யாராச்சும் தொட்டா நான் பொறுப்பு இல்ல."

"செடிக்குப் போயி இம்புட்டா?" என்று ஒருத்தி மட்டும் போகிற போக்கில் சொன்னாள். நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, திருடாதவர்கள் எப்படி நிற்பார்களோ அப்படி நின்றேன்.

அதன் பிறகு எங்கள் பக்கத்துக்கும் அவர் கட்டுக்கும் இடையே இருந்த நடுக்கதவை அவர் தாழ் போடுவதே இல்லை. அகலத் திறந்தே கிடக்கும். உள்ளே வரிசையாக ஜாடிகள் தெரியும். பூட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது. என் மகள் பிறந்து தவழ ஆரம்பித்ததும், நடுக்கதவுக்குக் குறுக்கே என் வீட்டுக்காரர் ஒரு பலகையை அடித்துவிட்டார்.

மகளுக்கு ஒன்றரை வயதிருக்கும்போது கிராணியார் கால் பிசகி, சிங்கம்புணரியில் தம்பி வீட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு ஒரு மாதம் கிடந்தார். அந்தச் சமயம் பார்த்துச் சொந்தக்காரர்கள் ஒரு கல்யாணத்துக்காக வீட்டைத் திறந்தார்கள். அவர் திரும்பி வந்து சில வாரங்களில் செடிகள் வாட ஆரம்பித்தன. ஜாடிகள் நிறைந்து இருந்தன, செடிகள் வாடிக்கொண்டிருந்தன. நொண்டிக்கொண்டே ஊருணிக்குப் போய்க் குடத்தில் கொண்டுவந்து, வடிகட்டி, விடியவைத்து ஊற்றினார். ஜாடிப் பக்கமே போகவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

"ஐயா, சாடித் தண்ணிய ஏன் ஊத்த மாட்டேங்கிறீக?"

"கல்யாணத்துக்கு எடம் வேணும்னு ஆளுக தூக்கி மாத்தி வச்சுட்டாகத்தா. எல்லாம் ஒரே நெறம். எது எதுன்னு தெரியல."

"அடையாளம் வைக்கலையா?"

"வச்சா எல்லாருக்கும் தெரிஞ்சு போகும்ல."

"ஒவ்வொரு சாடியிலயும் மொண்டு, ஒரு செடிக்கு ஊத்திப் பாத்தாத் தெரிஞ்சுட்டுப் போகுது."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"எந்தச் செடிக்கு?"

தூண்களைப் பார்த்தேன், தொட்டிகளைப் பார்த்தேன்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. சித்திரைக்கெல்லாம் ஊருணியில் சேறுதான் மிச்சம். மாட்டு வண்டியில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் வரும், வீட்டுக்கு ஒரு குடம். அதுவும் சில நாள் வராது. ஆவணியில், அப்படி வராத ஒரு நாளில் என் மகளுக்கு வாந்திபேதி கண்டது. காலையில் ஆரம்பித்து, பதினொரு மணிக்குள் கண் உள்ளே போய்விட்டது. டாக்டர் ஊசி போட்டார். "நல்ல தண்ணியைக் கொதிக்கவச்சு ஆறவச்சு, குளுக்கோஸ் கலந்து வாய் ஓயாமக் குடுங்க. தண்ணி உள்ளே போனாப் பிள்ளை உங்களுக்கு" என்றார். கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தேன். உப்பு நாக்கில் பட்டதும் பிள்ளை குமட்டியது. என் வீட்டுக்காரர் குடத்தைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிப் பக்கம் சைக்கிளில் ஓடினார்.

நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, குறுக்குப் பலகையைத் தாண்டி உள்ளே போனேன். கிராணியார் பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் மடிப்பாகவே நின்றது.

ஜாடிகளின் முன்னால் போய் நின்றார். அவர் விரல் ஒரு ஜாடியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்தது, திரும்ப முதல் ஜாடிக்கு வந்தது. பிறகு ஒன்றைத் திறந்து, எவர்சில்வர் டம்ளர் நிறைய மொண்டு, நின்றபடியே மடக் மடக்கென்று குடித்தார். டம்ளரை அந்த ஜாடியின் மூடிமேல் கவிழ்த்து வைத்தார்.

"விடியிற வரைக்கும் பிள்ளை தாங்காது. அரை மணி பாப்போம். உக்காருத்தா" என்றார்.

எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதர் சாகிறாரா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்வதுதான் சரி. அவர் நெற்றியில் வியர்த்தபோது எனக்கு அவரைப் பற்றிக் கவலை வரவில்லை. ஐயோ, இந்த ஜாடி போச்சே என்றுதான் வந்தது. அதை இன்றுவரை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. முக்கால் மணி ஆனதும் அவர் எழுந்து பெரணி இலை ஒன்றைத் துடைத்தார். "இது நல்ல தண்ணி. அடுப்பப் பத்தவை" என்றார்.

மகள் பிழைத்தாள்.

மறுநாளே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஜாடியில் மிச்சமிருந்ததை ஆளுக்கு அரைக்குடமாக ஊற்றிக் கொடுத்தார். அது தீர்ந்த அன்று மாலை நாலைந்து பெண்கள் வெறும் குடத்தோடு வந்து வாசலில் நின்றார்கள். அவர் உள்ளே போய், வேறொரு ஜாடியைத் திறந்து, ஒரு டம்ளர் குடித்து, டம்ளரை மூடிமேல் கவிழ்த்தார்.

"விடியட்டும், பாப்போம்" என்றார்.

இப்படித்தான் அது வழக்கமானது. மூன்று நாள், நான்கு நாளைக்கு ஒரு ஜாடி. சாயங்காலம் அவர் குடிப்பார். காலையில் தெருக்கதவு திறந்தால் தண்ணீர். பெண்கள் சீக்கிரமே வந்து குடங்களை வரிசையாக வைத்துவிட்டு, பிள்ளைகளைப் பற்றியும் புளி விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள். தெருக்கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் பேச்சு நின்றுவிடும். கதவு திறந்து அவர் முகம் தெரிந்ததும் எல்லோரும் குனிந்து குடத்தை எடுப்பார்கள். ஒருநாள் அவர் எழுந்துவர நேரமாகிவிட்டது. "தட்டிப் பாக்கலாமா" என்று ஒருத்தி கேட்டாள். "வேற சாடி இருக்குல்ல" என்றாள் இன்னொருத்தி. அவள் கெட்டவள் இல்லை, வீட்டில் மூன்று பிள்ளைகள். வேண்டாம் கிராணியாரே என்று தெருவில் ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என் குடமும் அந்த வரிசையில் இருந்தது.

ஒன்பதாவது ஜாடியோ பத்தாவதோ, ஒரு சாயங்காலம் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் டம்ளரைக் கையில் எடுக்கும்போது சொன்னேன்.

"ஐயா, அன்னைக்குத் தண்ணிய எடுத்துட்டு உப்புத் தண்ணிய ஊத்துனது நான்தான்."

"தெரியும்த்தா."

"எப்படித் தெரியும்?"

"சாம்பார் குடுத்தியே. பருப்பு நல்லா வெந்திருந்துச்சு."

"பெறகு ஏன் என்னைக் கூப்பிட்டுக் கேக்கல? மருந்து எதுக்குப் போட்டீக?"

"உனக்காகத்தான் போட்டேன்." கோபமே இல்லாமல் சொன்னார். "சொல்லாமப் போட்டாத்தான் தப்பு. நான் தெருவுல நின்னு சொல்லிட்டுத்தானே போட்டேன்."

சொல்லிவிட்டு என் முன்னாலேயே குடித்தார். அன்று அவர்மேல் எனக்கு வந்தது பாசமா பயமா என்று இவ்வளவு வருஷம் கழித்தும் பிரிக்க முடியவில்லை. என் பிள்ளைக்காகக் குடித்ததும் இதே கைதான், எனக்காக மருந்து போட்டதும் இதே கைதான்.

ஐப்பசியில் மழை அடித்துப் பெய்தது. ஊருணி நிரம்பியது. தண்ணீர் எடுக்க வந்தவர்கள் வராமல் போனார்கள். ஜாடியில் பதினைந்து காலியாகியிருந்தது, இரண்டு மிச்சம்.

"கொட்டிரலாம் ஐயா" என்றேன்.

"எங்க கொட்டுறது? முத்தத்துல கொட்டுனாலும் வாசல்ல கொட்டுனாலும் ஊருணிக்குத்தான் போகும்."

ஊருக்கு வெளியே பொட்டலில் குழி வெட்டி ஊற்றலாம், வண்டி பிடிக்கிறேன் என்றார் என் வீட்டுக்காரர். விடியட்டும், பாப்போம் என்றார் அவர். இரண்டு மூடிகளையும் மெழுகு வைத்து அடைத்தார். காலி ஜாடிகளில் புது மழையைப் பிடித்தார். செடிகள் தழைத்தன. ஆனால் அவருக்கு நிம்மதி இல்லை. ஒருநாள் இலையைத் துடைத்துக்கொண்டே, "மருந்து போட்டேனா, இல்ல போட்டதாச் சொல்லிட்டு விட்டுட்டேனா, அதுவே சந்தேகமா இருக்குத்தா" என்றார். எதைச் சொன்னாலும் அவர் அதற்கு மேல் யோசிப்பார் என்று பயந்தேன்.

மாசியில் ஒருநாள் காலை அவர் எழுந்து வரவில்லை. நடுக்கதவு எப்போதும்போலத் தாழ் போடாமல்தான் கிடந்தது. முதலில் உள்ளே போனது நான். பாயில் ஒருக்களித்துக் கிடந்தார். அந்த இரண்டு ஜாடிகளில் ஒன்றின் மெழுகு உடைந்திருந்தது. மூடிமேல் எவர்சில்வர் டம்ளர் கவிழ்ந்திருந்தது.

ஆள் கூப்பிடுவதற்கு முன் அந்த டம்ளரை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். டாக்டர் வந்து மார்வலி என்றார். தெருவில் யாரும் வேறெதுவும் கேட்கவில்லை. சொந்தக்காரர்களின் ஆட்கள் வந்து வீட்டைப் பூட்டினார்கள். செடிகள் உள்ளேயே இருந்தன. எங்களையும் காலி செய்யச் சொல்லவே அடுத்த தெருவுக்குக் குடிபோனோம். அந்த இரண்டு ஜாடிகளைப் பற்றிச் சொந்தக்காரர்களுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கலாம். எழுதினால் எல்லாவற்றையும் எழுத வேண்டும், பருப்பிலிருந்து. நானும் விடியட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆறேழு வருஷம் கழித்து அந்த வீட்டைப் பிரித்து விற்றார்கள். தூண், கதவு, ஜாடி எல்லாம் பழம்பொருள் வாங்குகிறவர்களுக்குப் போயிற்று. அடைமழை நாள். கடையிலிருந்து குடை பிடித்துக்கொண்டு வருகிறேன், வாசலில் லாரி நிற்கிறது. ஆட்கள் இரண்டு ஜாடிகளைப் படியில் சாய்த்துப் பிடித்திருக்கிறார்கள். "அதக் கொட்டாதீக" என்று ஓடினேன். அதற்குள் முழுதும் கொட்டிவிட்டார்கள்.

"வெறும் தண்ணிதாங்க. கனம் தாங்கல" என்றான் ஒருவன்.

வாசலில் ஓடிய மழைத் தண்ணீரோடு அதுவும் கலந்தது. எது எதென்று தெரியவில்லை. குடையை மடக்கிவிட்டு, நனைந்துகொண்டே அதன் கூடவே நடந்தேன். தெருமுனையில் திரும்பி ஊருணி வாய்க்காலில் இறங்கியது.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் அந்த இரண்டு ஜாடிகளையும் கொட்டிவிட்டதைச் சொன்னேன். அவ்வளவு பெரிய ஊருணியில் இரண்டு ஜாடி எம்மாத்திரம், அதுவும் இந்த மழையில் என்றார். சரிதான் என்று எனக்கும் தோன்றியது. வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

சாயங்காலம் மழை விட்டதும் என் மகள் ஊருணிக்குப் போய்ச் சின்னக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து அடுக்களையில் இறக்கினாள். பெட்டிக்குள் இருந்த கிராணியாரின் எவர்சில்வர் டம்ளரை எடுத்து நிறைய மொண்டு, நின்றபடியே குடித்தேன். நிறமில்லை, வாசமில்லை. ருசியைப் பற்றி என்னால் சொல்ல முடியாது.

"எனக்கும் குடும்மா, தாகமா இருக்கு" என்றாள்.

டம்ளரைக் குடத்தின் வாயில் கவிழ்த்து வைத்தேன்.

"விடியட்டும்" என்றேன்.